ஆர்வில் கோச்சும் ஒரு முழங்காலும்

எங்கள் ஊரில் ஆர்வில் டாக்கெட்டைப் பிடிக்காதவர் ஒருவரும் கிடையாது. அறுபது வயதைத் தாண்டியும் ஒரு மனிதர் அப்படிப் பெயர் எடுக்க முடியுமா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். ரகசியம் எனக்குத் தெரியும். அவர் வாழ்க்கையில் எதற்கும் ஒரு முடிவு சொன்னதே இல்லை.

தினமும் காலையில் என் கடையில்தான் சாப்பிடுவார். உணவுப் பட்டியல் அட்டையை வாங்கி முன்பக்கம் படிப்பார், பின்பக்கம் படிப்பார், மறுபடி முன்பக்கத்துக்கு வருவார். அந்த அட்டையை நான் மாற்றி வருஷக்கணக்காகிறது. கடைசியில் பக்கத்து மேஜையைக் காட்டி, "அவரு சாப்பிடறதையே எனக்கும் குடு ஐலீன்" என்பார். ஒருநாள் பக்கத்து மேஜைக்காரர் வயிறு சரியில்லை என்று வெறும் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆர்வில் அன்றைக்கு வெந்நீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

வேலை, பெயின்ட் கடையில். இந்த நீலமா அந்த நீலமா என்று யாராவது கேட்டால், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்பார். கல்யாணமும் அப்படி நடந்ததுதான். டோரிஸ் கேட்டாள், அவர் மறுக்கவில்லை.

எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குக் 'கோவேறு கழுதைகள்' என்று பெயர். கல்குவாரியிலும் டயர் கடையிலும் வேலை செய்கிறவர்கள் சனிக்கிழமைகளில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். பழைய கோச் ஃப்ளோரிடாவுக்குப் போனபோது, அந்த இடத்துக்கு இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொண்டன. இரண்டும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் ஆர்வில். அவர் இரண்டு கோஷ்டியையுமே எதிர்க்கவில்லையே!

அதனால் கெடுதலும் வரவில்லை. டேல் கோவாச் இருந்தான். பதினாறு வருஷமாக அவன்தான் எங்கள் குவார்ட்டர்பேக். பந்து அவன் கைக்குத்தான் முதலில் வரும், யாருக்கு எறிவது என்று கண் மூடித் திறப்பதற்குள் அவன்தான் முடிவு செய்வான். "இப்ப என்ன ஆட்டம் கோச்?" என்று கேட்பான். "நீ என்ன நெனைக்கிற டேல்?" என்பார் ஆர்வில். மற்ற நாட்களில் டேல் கூரை வேய்கிறவன். ஊரில் பாதி வீட்டுக் கூரை அவன் போட்டது. தேவாலயத்துக் கூரையும் அவன் போட்டதுதான், அதற்குக் கூலி வாங்கவில்லை.

அக்டோபரில் ஒரு ஆட்டத்தில் இரண்டு தடியன்கள் அவன் மேல் விழுந்து முழங்கால் முறுக்கிக்கொண்டது. மாற்று ஆட்டக்காரன் வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போயிருந்தான். ஆர்வில் வரிசையாக எல்லார் முகத்தையும் பார்த்தார். எல்லாரும் மெல்வின் க்ரெப்ஸைக் காட்டினார்கள்.

மெல்வின் சவ அடக்க நிலையத்தில் வேலை பார்க்கிறவன். ஓடி யாரும் பார்த்ததில்லை. அவனுடைய பழைய அமரர் ஊர்தியில்தான் அணியின் தலைக்கவசங்களும் மூட்டைகளும் போய்வரும். அந்த நன்றிக்காக ஒரு சட்டையைக் கொடுத்து ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த மெல்வின் பந்தை எறிந்தான். அது போகவேண்டிய கைக்கு நேராகப் போய் விழுந்தது. துக்க வீடுகளில் பேசிப் பழகிய குரலில், பாய்ந்து வருகிறவனிடம், "மன்னிக்கணும் சார், கொஞ்சம் வழி விடறீங்களா" என்பான். அவன் யார் என்று தெரிந்த எதிராளிகள் ஒரு நிமிஷம் நிற்கத்தான் செய்தார்கள். அன்று ஜெயித்தோம். அடுத்த வாரமும் ஜெயித்தோம். எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டோம்.

எங்கள் ஊரில் யாருக்காவது கால் ஒடிந்தால் வீட்டுக்குச் சாப்பாடு போகும். நூடுல்ஸும் கோழியும் சீஸும் போட்டு வேகவைத்த கண்ணாடிப் பாத்திரங்கள். டேல் வீட்டில் முதலில் வைக்க இடமில்லை. மெல்வின் ஜெயிக்க ஜெயிக்க, பாத்திரங்கள் திசை மாறி சவ அடக்க நிலையத்துக்குப் போக ஆரம்பித்தன. அங்கே குளிர்ப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. அதைப் பற்றி யாரும் யோசிக்க விரும்பவில்லை.

நவம்பர் கடைசியில் இறுதி ஆட்டம். அதில் யார்? டேலா, மெல்வினா? என் கடையில் எல்லாரும் ஆர்விலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஜெபிப்போம்" என்றார் ஆர்வில். "கர்த்தர் முழங்காலக் குணமாக்கினா டேல். இல்லேன்னா மெல்வின்."

என்ன விசுவாசம் என்று ஊரே உருகியது. எனக்குத்தான் எரிச்சல். இத்தனை நாளும் பக்கத்து மேஜையைக் காட்டியவர், இப்போது பரலோகத்தைக் காட்டுகிறார், அவ்வளவுதான்!

புதன்கிழமை ஜெபக்கூட்டங்களில் ஆரம்பத்தில், "இந்த நிமிஷமே தொட்டுக் குணமாக்கும்" என்று அழுதவர்கள், அணி ஜெயிக்கத் தொடங்கியதும், "உம்முடைய வேளையில், தகப்பனே" என்றார்கள். பிறகு டயர் கடை லோவல் எழுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அவசரப்பட்டு அரைகுறையா வேணாம். நல்லா நிதானமா, நரம்பு நரம்பாப் பாத்துச் செய்யும். டிசம்பர் ஆனாலும் பரவால்ல" என்று ஜெபித்தான். அந்த ஆலயத்தில் அவ்வளவு சத்தமான ஆமென்னை நான் கேட்டதில்லை.

டேல் கடைசி வரிசையில், இரண்டு ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் போட்ட கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. டேலுக்குச் சீக்கிரம் குணமாகட்டும் என்று ஒருவன் மட்டும் மனசாரக் கேட்டான். அது மெல்வின். "இவனுக்குக் கிறுக்கா?" என்று லோவல் என் காதில் முணுமுணுத்தான்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின புதன்கிழமை. லோவல் மறுபடி நிதானத்தைப் பற்றி ஜெபித்து முடித்ததும் டேல் எழுந்தான். ஊன்றுகோல்களை இருக்கையிலேயே விட்டுவிட்டு, இருக்கை வரிசைகளுக்கு நடுவே பீடம்வரை நடந்தான். நொண்டவில்லை. திரும்பி நின்றான்.

"டாக்டர் போன வாரமே ஆடலாம்னுட்டாரு."

போதகர், "ஸ்தோத்திரம்" என்றார். பாதிதான் வெளியே வந்தது.

"அப்புறம் எதுக்குய்யா அந்தக் கட்டைங்க?" என்றான் லோவல்.

"எனக்காக ஆண்டவர்கிட்ட என்னதான் கேக்கறீங்கன்னு உக்காந்து கேக்கலாம்னுதான். நல்லாக் கேட்டீங்க." டேல் ஆர்விலின் பக்கம் திரும்பினான். "கோச், கர்த்தர் அவர் வேலைய முடிச்சிட்டாரு. மிச்சம் உங்க வேலை. யாரு ஆடறது?"

ஆர்வில் வலப்பக்கம் பார்த்தார். லோவல் தன் ஷூவை ஆராய்ந்துகொண்டிருந்தான். இடப்பக்கம் டோரிஸ் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள்.

"இத இன்னொரு தடவ ஜெபத்துல வெச்சா..." என்று போதகர் ஆரம்பித்தார்.

"வேணாம் பாஸ்டர். கர்த்தரத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றார் ஆர்வில்.

அவர் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மெல்வின்" என்றார். யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி சொன்னார். "மெல்வின் ஆடட்டும். உன் கை பழையபடி இல்ல டேல். முழங்கால் அடிபடறதுக்கு முன்னாடியே இல்ல. ரெண்டு வருஷமாப் பாக்கறேன். சொல்ல தைரியம் வரல."

டேலின் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவுமில்லை.

"எனக்கும் தெரியும் கோச். எவனாவது என் மூஞ்சியப் பாத்து சொல்ல மாட்டானான்னுதான் இருந்தேன்." ஊன்றுகோல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் காலைக்குள் ஊர் முழுக்க ஆர்விலுக்கு எதிரி. பதினாறு வருஷம் உழைத்தவனை, அதுவும் தேவாலயத்தில் வைத்து, இப்படியா சொல்வது! ஆண்டவருக்கு டிசம்பர் வரைக்கும் நேரம் கொடுத்தவர்களுக்குத்தான் கோபம் அதிகம். "கல்லு மனசுய்யா அந்த ஆளுக்கு" என்று லோவல் என் கடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணாடிப் பாத்திரங்கள் மறுபடி டேல் வீட்டுக்குக் கிளம்பின.

ஆர்வில் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனார்கள். அவர் அட்டையை எடுத்தார். முன்பக்கம், பின்பக்கம். பக்கத்தில் பார்த்தார், யாருமில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

கதவு திறந்தது. டேல் ஊன்றுகோல் இல்லாமல் நேராக வந்து, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"உனக்கு என்னப்பா?" என்று கேட்டேன்.

"கோச் என்ன சாப்பிடறாரோ, அதையே எனக்கும் குடு ஐலீன்."

ஆர்வில் அட்டையைத் திருப்பினார். நான் இருவருக்கும் காபியை ஊற்றிவிட்டு, அவர் சொல்வதற்காக அங்கேயே நின்றேன்.