லபுகம நீர்த்தேக்கத்தில் ஒரு முழுச் சுற்று

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியைத் தொடும் இடத்தில் ரொஷானின் வேன் வந்து நின்றது. முன் ஆசனத்தில் அவருடைய மனைவி ஷிரோமி ஓட்டச் சப்பாத்தை ஏற்கெனவே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொட்டாஞ்சேனையில் இருந்து நாலரைக்கே புறப்பட்டிருக்கிறார்கள். இரவு முழுக்க அவள் நித்திரை கொள்ளவில்லை என்று ரொஷான் முறையிட்டார். "பொய் அக்கா. யோசிச்சு யோசிச்சு முழிச்சிருந்தது அவர்தான்" என்றாள் ஷிரோமி.

ஷிரோமிக்குப் பார்வை இல்லை. பள்ளிக்கூட நாட்களில் எண்ணூறு மீற்றர் ஓடியவள். இருபத்தேழு வயதில் விழித்திரை நோய் தொடங்கி, முப்பதுக்குள் வெளிச்சம் எது, நிழல் எது என்பதுகூடப் பிரியாமல் போனது. இப்போது ஒரு கொம்பனியில் தொலைபேசி இணைப்பாளராக வேலை பார்க்கிறாள். இரண்டு வருடங்களாக வாரத்தில் மூன்று நாள் காலையில் நாங்கள் இருவரும் கடற்கரை வீதியில் ஓடுகிறோம். ஒரு முழ நீளத் துணிப்பட்டியின் ஒரு நுனி அவளுடைய வலது கையில், மற்ற நுனி என் இடது கையில். பள்ளம், மேடு, நிறுத்தி வைத்த ஓட்டோ, நாய் எல்லாவற்றையும் நான் வாயால் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும்.

"தார் ரோட்டில ஓடி ஓடி அலுத்துப்போச்சு அக்கா. எனக்கு மலை வேணும்" என்று ஒருநாள் சொன்னாள். அதனால்தான் இந்தப் பயணம்.

பாமன்கடைப் பாலம் தாண்டி ஹைலெவல் வீதியில் ஏறினோம். நுகேகொடை, மஹரகம, கொட்டாவ, ஹோமாகம என்று நகரம் விடாப்பிடியாகக் கூட வந்தது. பாதுக்கையில் ஒரு கடையில் கிரிபத் என்கிற பாற்சோறும் கட்டச்சம்பலும், ஆளுக்கொரு பிளேன்டீயும். ஓடப்போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது என்பதால் எங்கள் பங்கையும் ரொஷானே சாப்பிட்டார். அங்கேதான் அவர் என்னைக் கடை வாசலுக்குக் கூப்பிட்டு மெல்லிய குரலில் பேசினார்.

"அக்கா, தண்ணிக்கரைப் பாதையோட நிப்பாட்டுங்க. மலைக்கு ஏத்த வேணாம். எனக்கு வாக்குச் சொல்லிட்டுப் போங்க."

"ஓம் ரொஷான். கரையோடதான் போவம்" என்றேன்.

வாகை என்ற ஊரைத் தாண்டியதும் வீதி ஒடுங்கியது. இறப்பர் தோட்டங்களுக்கு ஊடாக வளைந்து வளைந்து போய், ஏழு மணிக்குச் சற்று முன்னர் நீர்த்தேக்கத்தின் வாயிலை அடைந்தோம். கொழும்பிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். எங்கள் வீட்டுக் குழாய்களில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது. அத்தனை வருடம் அதைக் குடித்தும் நான் இங்கே வந்தது இதுதான் முதல் தடவை. குடிநீர்க் காடு என்பதால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். கூட ஒரு காவலரும் வருவார். எங்களுக்குக் கிடைத்தவர் சுனில். ஐம்பது வயதிருக்கும். காலில் இறப்பர் செருப்பு, இடுப்பில் வோக்கி டோக்கி.

அவர் எங்கள் கைகளுக்கு நடுவே இருந்த பட்டியைப் பார்த்தார். பிறகு ஷிரோமியின் கண்களைப் பார்த்தார்.

"நோனாட்ட புளுவன்த?" என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். அவளால் முடியுமா என்று.

"புளுவன் அய்யே" என்று ஷிரோமியே பதில் சொன்னாள்.

சுனில் வெட்கத்தோடு சிரித்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெறுங்காலோடுதான் அவர் காட்டில் நடப்பாராம்.

ஏழே கால். ரொஷான் வாயிலில் நின்றுவிட்டார். நாங்கள் ஓடத் தொடங்கினோம்.

இதுவரை போகாதவர்களுக்காகப் பாதையைச் சொல்கிறேன். கரையோடு போகும் மண்பாதை ஒன்று இருக்கிறது. மட்டமானது, போகவும் வரவும் மூன்று கிலோமீற்றர். அதன் முடிவில் வழி இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் ஏறினால் மலை முதுகைத் தொட்டு, காட்டுக்குள் இறங்கி, ஓர் ஓடையைக் கடந்து, வாயிலருகே தொடங்கும் அணைக்கட்டின் மறுமுனைக்கு வந்து சேரலாம். முழுச் சுற்றும் சுமார் ஏழு கிலோமீற்றர். கால் பழகியவர்களுக்குக் கரைப்பாதை ஒரு விளையாட்டு. மலைப்பாதை விளையாட்டல்ல.

கரைப்பாதையின் அழகைச் சொல்லாமல் விட முடியாது. தண்ணீர் அசையவே இல்லை. எதிர்க்கரை மலைகள் தலைகீழாக அதற்குள் கிடந்தன. மலைகளின் இடுப்பில் மூடுபனி, அதற்கு மேலே பச்சை, அந்தப் பச்சைக்கு மேலே இன்னொரு கரும்பச்சை. இதையெல்லாம் ஓடிக்கொண்டே ஷிரோமிக்குச் சொன்னேன். நடுநடுவே "வேர்", "கல்லு", "சேறு, இடப்பக்கம் வா" என்பதையும் சேர்த்துக்கொண்டேன். கடற்கரை வீதியில் இருபது அடிக்கு ஒரு சொல் போதும். இங்கே அடிக்கொரு சொல் தேவைப்பட்டது. நாக்கு வறண்டது.

வழி பிரியும் இடத்தில் நின்றேன்.

"இப்ப எங்க நிக்கிறம்?" என்று கேட்டாள்.

"கரைப்பாதை முடிஞ்சுது. திரும்புவம்."

"மலைக்குப் போற வழி எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் காதுகொடுத்தாள். மேலே எங்கோ ஓடை விழும் சத்தம் கேட்டது.

"ஷிரோமி, கரையோட திரும்புவம் எண்டு ரொஷானுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்."

"நீங்க ரெண்டு பேரும் கதைச்சது எனக்குக் கேட்டது அக்கா. என்னட்ட மட்டும் ஒருத்தரும் கேக்கல்லயே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். சுனிலிடம் திரும்பி, வாயிலோடு பேச முடியுமா என்று கேட்டேன். அவர் வோக்கி டோக்கியில் மற்றக் காவலரை அழைத்து, ரொஷானைக் கூப்பிடச் சொல்லி, அதை ஷிரோமியின் கையில் வைத்தார்.

"ரொஷான், நான் மலைக்குப் போறன். அக்காவ ஒண்டும் சொல்ல வேணாம். நான்தான் போறன்."

கரகரப்புக்குள் அவர் குரல் வந்தது. "விழுந்தா?"

"விழுவன்தான். மலையில எல்லாரும் விழுறாங்க."

மறுபக்கத்தில் வெறும் இரைச்சல். கருவி கெட்டுவிட்டதோ என்று சுனில் எட்டிப் பார்த்தார். பிறகு ரொஷான் சொன்னார்: "மழை கறுக்குது. நிண்டு கதைக்காமப் போங்க."

ஷிரோமி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏற்றத்தில் ஓட்டம் நடையானது, நடை தவழலானது. வேர்கள் படிகளைப் போல் குறுக்கே கிடந்தன. "முழங்கால் உயரம்", "கணுக்கால் உயரம்", "வலது கைக்கு ஒரு மரம்" என்று எங்களுக்கென ஒரு பாஷை தானாக உருவாகியது. பாதி மலையில் திடீரென்று தலைக்கு மேலே கரகரவென்ற கூச்சல். இரண்டு இருவாச்சிகள் மரம் விட்டு மரம் தாவிப் பறந்தன. நான் வாழ்நாளில் அவற்றை அவ்வளவு கிட்டப் பார்த்ததில்லை. அண்ணாந்துவிட்டேன். என் கையிலிருந்த பட்டி வெடுக்கென்று இழுபட்டது.

ஷிரோமி முழங்காலில் விழுந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து இரத்தம் துளிர்த்தது. "பிழை என்னுடையது, மேல பார்த்திட்டன்" என்றேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இனித் திரும்புவோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மேல பறந்தது என்ன?" என்று கேட்டாள்.

"இருவாச்சி. ரெண்டு."

"பெருசா?"

"நல்ல பெருசு. சொண்டே என்ர கையளவு இருக்கும்."

"அப்ப சரி" என்று எழுந்து பட்டியைப் பிடித்தாள்.

எட்டரை மணியளவில் மலை முதுகில் நின்றோம். கீழே நீர்த்தேக்கம் விரல் விரித்த கையைப் போல் மலைகளுக்குள் புகுந்திருந்தது. மனிதச் சத்தமே இல்லை. அவளுடைய கையைப் பிடித்து, தண்ணீரின் ஓரத்தை அவள் விரலாலேயே காற்றில் வரைந்து காட்டினேன். அவள் அதைத் தானாக ஒருமுறை திரும்ப வரைந்து பார்த்தாள்.

இறங்கும்போது ரொஷான் சொன்ன மழை வந்தது. செம்மண் சவர்க்காரமாக மாறியது. சுனில் "லிஸ்ஸனவா, லிஸ்ஸனவா" என்று எச்சரித்துக்கொண்டு முன்னால் போனார். வழுக்கும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. பட்டியை விட்டு, ஷிரோமி என் தோள் இரண்டையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். முதலில் வழுக்கியது நான்தான். இருவரும் ஒரு மரம் தடுக்கும்வரை உட்கார்ந்தபடியே சறுக்கிப் போனோம். அதன்பின் மிச்ச இறக்கத்தையும் வெட்கமில்லாமல் அப்படியே இறங்கினோம். ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. சுனில் நடுவில் நின்று ஒவ்வொருவராகக் கடத்திவிட்டார். கால்களில் அட்டைகள் ஒட்டியிருந்தன. அவற்றின் எண்ணிக்கையை ஷிரோமிக்கு நான் சொல்லவில்லை. அவளே தடவிப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள்.

ஒன்பதரைக்கு மரங்கள் விலகின. மழையும் விட்டது. எங்களுக்கு முன்னால் அணைக்கட்டு நீண்டு கிடந்தது. ஒரு லொறி போகக்கூடிய அகலம். நடுவில் சரளை, இரண்டு ஓரமும் புல். முற்றிலும் நேர். மறுமுனையில் ரொஷான் சிறு உருவமாக நின்றார்.

"எப்பிடி இருக்கு?" என்றாள் ஷிரோமி. சொன்னேன்.

"வேற ஆக்கள்?"

"ஒருத்தரும் இல்ல."

அவள் பட்டியைத் தன் கையிலிருந்து கழற்றி என்னிடம் தந்தாள். "ரொஷானை என்னைக் கூப்பிடச் சொல்லுங்க அக்கா. சத்தத்துக்கு ஓடுவன். காலுக்குப் புல்லுப் பட்டா நடுவுக்கு வருவன்."

நான் சுனிலைப் பார்த்தேன். அவர் வோக்கி டோக்கியை என்னிடம் தந்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கத்து ஓரமாகப் போய்க் கொஞ்சம் முன்னால் நின்றுகொண்டார். அதில் ரொஷானுக்கு விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை கருவியில் அல்ல, நீருக்கு மேலாக நேரே வந்தது அவர் குரல்.

"ஷிரோமீ!"

அவள் ஓடினாள். முதல் பத்து அடி தடுமாற்றம். ஒருமுறை புல்லில் கால்பட்டு நடுவுக்குத் திரும்பினாள். பிறகு கைகள் விரிந்து, தலை நிமிர்ந்து, பள்ளிக்கூட மைதானத்தில் எப்படி ஓடியிருப்பாளோ அப்படி ஓடினாள். நான் பின்னால் ஓடியும் பிடிக்க முடியவில்லை. இரண்டு வருடமாக என் வேகத்துக்குத் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டுதான் ஓடியிருக்கிறாள். ரொஷான் விடாமல் கூப்பிட்டார். விலகத் தோன்றாமல் அங்கேயே நின்றார். அவள் நேரே போய் அவரில் மோத, இருவரும் ஈரச் சரளையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

கொழும்பில் எங்களுக்குக் கடல் இருக்கிறது, அகலமான வீதிகள் இருக்கின்றன, விடியற்காலையில் ஓடுகிற ஆட்களும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் ஷிரோமி யாருடைய கையையும் பிடிக்காமல் ஓடக்கூடிய இவ்வளவு நீளமான நேர்வழி வெள்ளவத்தையிலிருந்து முகத்துவாரம் வரை எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

வேனில் ஏறப் போனபோது அவள் ஏறவில்லை.

"இன்னொருக்கா" என்றாள்.

ரொஷான் என்னிடமிருந்து பட்டியை வாங்கித் தன் கையில் சுற்றிக்கொண்டு, அவளை மறுமுனைக்குத் தானே கூட்டிக்கொண்டு நடந்தார். அங்கே போய்ச் சேர்ந்ததும் பட்டியை அவிழ்த்துவிட்டுக் கையை உயர்த்திக் காட்டினார்.

நான் அணையின் இந்த முனையில், சரளைக்கு நடுவே போய் நின்று, என் முழுக் குரலில் அவள் பெயரைக் கூப்பிட்டேன்.