ரோட்டை வெட்ட இருந்த காலை

வானகரத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் செயலாளர். வேறு யாரும் நிற்காததால் ஜெயித்தவன். எங்களுக்கு எதிரே ரோடு. ரோட்டைத் தாண்டினால் பள்ளம், அதில் ஒரு தெரு. இரண்டு நாள் விடாத மழையில் எங்கள் கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ரோட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று மாடிக்கு மாடி ஆலோசனை. வெட்டினால் அது பள்ளத் தெரு வீடுகளுக்குள் போகும் என்பதை யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

பதற்றத்தில் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "ஜேசிபி வருகிறது. யாரும் பயப்பட வேண்டாம்." ஜேசிபிக்கு நான் சொல்லவே இல்லை. பயப்படாமல் இருந்த பத்துப் பேரும் அதைப் படித்துவிட்டுத்தான் பயந்தார்கள். கால் மணி நேரத்தில் செய்தி பள்ளத் தெருவுக்குப் போய்விட்டது. கடப்பாரையோடு நாற்பது பேர் ரோட்டில் நின்றார்கள். நான் ஹெல்மெட் போட்டு, அதற்கு மேல் குடையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"எவன்டா ரோட்ட வெட்றவன்? மொதல்ல என்ன வெட்டு, அப்பால ரோட்ட வெட்டு!" என்றார் அவர்களில் லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒருவர். எங்கள் பக்கத்திலிருந்தும் யாரோ பதிலுக்குக் கத்தினார்கள்.

அப்போதுதான் எங்கள் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அக்கா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் வந்தார். அவர் வீடும் பள்ளத் தெருவில்தான்.

"இன்னாத்துக்கு கத்திகினு கீறீங்க? ரோட்டுக்கு அடியில கால்வாய்க்குப் போற கொயாய் அடச்சிகினு கீது. எவனாச்சும் குனிஞ்சி பாத்தீங்களா?"

இரண்டு பக்கமும் ஒருவரும் குனிந்து பார்த்திருக்கவில்லை. லோடு ஆட்டோக்காரர் ரோட்டோரத்தில் குழாயின் வாய் இருந்த இடத்தில் மார்பளவு தண்ணீரில் இறங்கிக் கடப்பாரையால் நெம்பினார். பெரிதாக, நீளமாக ஏதோ வெளியே வந்தது. "பொணம்!" என்று அலறிய ஒரே ஆள் நான்.

அது இலவம்பஞ்சு மெத்தை. சிவப்புக் கோடு போட்டது. ஓரத்தில் நான் காபி கொட்டிய கறை.

மழைக்கு முன் அதை அக்காவிடம்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மூட்டைப்பூச்சி என்று மறுத்துவிட்டார். ஒரு விடியற்காலையில் பக்கத்துக் காலி மனையில் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று விசிலடித்தபடி வந்தவன் நான்.

"எவன் ஊட்டு மெத்தடா இது? ஃப்ளாட்டுக்காரன்தான்!" என்று பள்ளத் தெருக் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அக்கா மெத்தையைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் இருந்த என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னோடு முடிந்திருக்காது, இரண்டு தெருவும் மோதியிருக்கும்.

"எவன் ஊட்டுதா இருந்தா இன்னா? மெதந்து வந்துகீது. இய்த்து அப்பால போடுங்க, தண்ணி போவட்டும்."

மதியத்துக்குள் வடிந்துவிட்டது. யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை.

மறுநாள் சட்டைகளைக் கொடுத்துவிட்டு, "அக்கா, நேத்து..." என்று ஆரம்பித்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கட்டில் மாத்தறப்போ சொல்லு சார். பழசு எங்க போவுதுன்னு நான் பாத்துக்கறேன்."

என் எலும்புகள் இன்று வரிசையாக இருப்பது அவர் புண்ணியம். அதனால் இப்போதெல்லாம் மழைக்காலத்துக்கு முன்பே லோடு ஆட்டோக்காரரும் நானும் சேர்ந்து அந்தக் குழாயைச் சுத்தம் செய்கிறோம். அவருக்கு மெத்தை விஷயம் இன்னும் தெரியாது. நான் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்க்கும்போது, மேலே ரோட்டிலிருந்து அக்காவின் குரல் வரும்:

"நல்லா பாரு சார். தலகாணி எதுனா கீதா?"