பலூனுக்குள் பதினாறு ஊசி

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவள் நான். உத்திரமேரூர் பஜாரில் ஒரு கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அவர்கள் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரையே வாங்கிவந்து மானாம்பதி வீட்டில் தொழிலை வைத்துக்கொண்டேன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடக்கும். அப்படி ஒரு மார்கழியில்தான் நானும் என் மகளும் எங்கள் நாய்க்குட்டியை வைத்துப் படக்கதைப் புத்தகம் போட ஆரம்பித்தோம். குட்டிக்குப் பேர் உண்டு. இங்கே எழுத மனசு வரவில்லை.

போனில் எடுத்த படங்களை ஏற்றி, கட்டம் கட்டமாக அடுக்கி, வசனத்துக்குப் பலூன் வைக்க வேண்டும். பலூனுக்கு ஒரு வால் இருக்கும். அதை இழுத்து யார் வாய்க்கு நேரே விடுகிறோமோ அவர் பேசியதாக அர்த்தம். படமும் பலூனும் என் பொறுப்பு, வசனம் அவள் பொறுப்பு. நாலாவதுதான் படிக்கிறாள், ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டாள். முதல் புத்தகத்தில் குட்டிதான் இன்ஸ்பெக்டர். கருவாட்டுத் திருட்டைத் துப்புத் துலக்கி, கடைசியில் திருடனும் தானேதான் என்று கண்டுபிடிக்கும். எட்டுப் பக்கம், ஜெராக்ஸ் போட்டு நடுவில் பின் அடித்தோம். தெருவே படித்தது.

என் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது. குட்டி அவள் முகத்தை நக்கும்போதெல்லாம் கத்துவேன். "கடிச்சி வெக்கட்டும், அப்ப தெரியும். தொப்புளச் சுத்திப் பதினாறு ஊசி. அப்புறம் இத ஏரிக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடுவேன், பாத்துக்கோ." என் அம்மா என்னிடம் சொன்னதை நான் இவளிடம் சொன்னேன். அந்தக் காலத்து வைத்தியம் எப்போதோ மாறிவிட்டது என்று எனக்குத் தெரியும். பிள்ளை பயப்பட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதே மார்கழியில் அரையாண்டு லீவில் இரண்டாவது புத்தகம் தொடங்கினோம். பாதியிலேயே குட்டி சோர்ந்துபோனது. கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, கூப்பிட்டால் வராமல், வாயில் எச்சில் ஒழுகக் கிடந்தது. ஐந்தாம் நாள் காலையில் செத்திருந்தது. கதிர் முற்றும் நேரம், வயலெல்லாம் எலி மருந்து வைத்திருந்தார்கள். அதைத்தான் தின்றிருக்கும் என்று தெருவில் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஒரு மாசத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் ஏதோ ஒரு நாய் அதன் காதைக் கிழித்துவிட்டிருந்தது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. வந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார்.

மகள் அழவில்லை. போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மூன்று நாள் விடாமல் டைப் அடித்தாள். புத்தகம் முடிந்தால் மனசு ஆறும் என்று நானும் விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் பகலில், அவள் அடித்த வரைக்கும் ஒரு தரம் சரிபார்க்க உட்கார்ந்தேன். ஆறாம் பக்கத்தில் கட்டிலடியில் குட்டி படுத்திருக்கும் படம், அவளே எடுத்து வைத்தது. பலூனின் வால் கோணலாகக் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொழில் புத்தி, முதலில் அதை இழுத்துக் குட்டியின் வாய்க்கு நேரே விட்டேன். அதற்கு அப்புறம்தான் எழுதியிருந்ததைப் படித்தேன்.

'நான் கடிச்சத அம்மாகிட்ட சொல்லாத. சொன்னா உனக்குப் பதினாறு ஊசி போடுவாங்க. என்ன ஏரிக்கு அந்தாண்ட வுட்டுடுவாங்க.'

அந்தப் படம் எடுத்த தேதியைத் தட்டிப் பார்த்தேன். ஒன்பது நாள் ஆகியிருந்தது.

கூப்பிட்டேன், வந்து நின்றாள். "எங்கடி கடிச்சிது?" என்றேன். கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன். இடது கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு புள்ளி, காய்ந்து பொருக்குத் தட்டி இருந்தது. சுற்றிலும் வெள்ளையாக ஏதோ.

"இன்னாடி இது?"

"பேஸ்ட்டு. பல்லு வெளக்கறது. எரிஞ்சிது, அதான் வெச்சேன்."

"எப்படிக் கடிச்சிது?"

"படத்துக்கு மூஞ்சி சரியா தெரில. வெளிய இழுத்தேன்."

குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க ஒன்பது, ஒன்பது என்றே மனசு அடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "மொளகாப்பொடி வெச்சிக் கட்டு, வெஷம் ஏறாது" என்றாள். "நீ வேற சும்மா கெட அக்கா" என்று விழுந்தேன். வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. முனை மளிகைக் கடை பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் காற்று மூஞ்சியில் அடிக்கும்போது மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா என்றே பார்த்துக்கொண்டு வந்தேன். வெறிநாய்க்கடி நோய் வந்தால் காற்றுக்கும் பயம், தண்ணீருக்கும் பயம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு தரம் திருப்பினாள். கண்ணில் தூசி என்றாள்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் நர்சம்மா ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். யாரும் ஒன்றும் சொல்லாமலே என் மகள் சட்டையை மேலே தூக்கி, வயிற்றை எக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா பண்ற? ஊசி கையிலதான்" என்றாள் நர்சம்மா. "யார் சொன்னது ஒனக்கு வயித்துலன்னு?"

மகள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. லேட்டுதான், ஆனாலும் வந்துவிட்டீர்கள், மொத்தம் நாலு நாள் ஊசிக்கு வர வேண்டும், காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் இன்றைக்கே போட்டாக வேண்டும் என்று காஞ்சிபுரத்துக்கு எழுதிக் கொடுத்தார். "இனிமே ஒண்ணும் ஆவாதுல்ல மேடம்?" என்று கேட்டேன். "ஊசியை ஒண்ணுகூட விடாதீங்க. கொஞ்ச மாசம் கவனமா பாத்துக்குங்க" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

காஞ்சிபுரத்தில் கணுக்காலில் போட்டபோதுதான் அலறினாள். நான்தான் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும், "இன்னும் எத்தினி கீது?" என்று கேட்டாள். இனிமேல் மூணு நாள்தான் என்றேன். நம்பவில்லை. எப்படி நம்புவாள்?

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை, அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பது. காலையில் எழுந்ததும் டம்ளரை நீட்டுவேன். தொண்டை இறங்கி ஏறும்வரை மூச்சு வராது. சாப்பிடும்போது புரை ஏறினால் என் கையில் இருப்பது கீழே விழும். "இன்னா நீ, புள்ளய பேஜார் பண்ணிக்கினு" என்று வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். சொல்லிவிட்டு அவரும் கதவோரம் நின்று பார்ப்பார். நாலாவது ஊசியும் முடிந்தது. பயம் மட்டும் முடியவில்லை. மாசி பிறந்து முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்தன. மணமகன் இடத்தில் மணமகள் பேரைப் போட்டுத் திட்டு வாங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டாவது புத்தகத்தைத் திறந்தாள். எட்டாம் பக்கம் இத்தனை நாளும் காலியாக இருந்தது. இப்போது அதன் கடைசிக் கட்டத்தில் ஒரு படம் வைத்திருந்தாள். அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கிற மும்முரத்தில் நான் கவனிக்காதபோது எடுத்தது. தண்ணீர்க்குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, படம் எடுக்கிறவளையே பார்க்கிறேன். அப்படி ஒரு மூஞ்சி எனக்கு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. என் வாய்க்கு நேரே ஒரு பலூன், உள்ளே ஒன்றும் இல்லை.

"இதுல நீ இன்னா சொல்ற? சொல்லு, நான் அடிக்கிறேன்."

"நவுரு" என்று சொல்லி நானே உட்கார்ந்தேன். விரல் ஓடவில்லை. ஒரு எழுத்து, ஒரு எழுத்தாக அடித்தேன்.

'பதினாறு ஊசின்னு சொன்னது பொய். ஏரிக்கு அந்தாண்ட வுட்டுடுவேன்னு சொன்னதும் பொய். உனக்கு ஏதாவது ஆயிடப் போவுதுன்னு எனக்குத்தான் பயம்.'

தோளுக்கு மேல் நின்று மெதுவாகப் படித்தாள். முதல் வரியை இரண்டு தரம் படித்தாள்.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நானும் அன்னிக்கே சொல்லியிருப்பேன்ல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அவள் போய்க் குடத்தில் ஒரு டம்ளர் மொண்டுகொண்டு வந்து, என் முகத்துக்கு நேரே நின்று மடக் மடக்கென்று குடித்தாள். குடித்து முடித்துக் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"பாத்துட்டியா?"

பார்த்துவிட்டேன் என்றேன். இன்னொரு டம்ளர் குடிக்கச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது.