கைநாட்டு இருந்த பக்கம்

அந்தச் சனிக்கிழமை காலை, லீட்ஸ் நகரத்து வாடகை வீட்டின் சமையலறையில் நான் மட்டும்தான் இருந்தேன். உடன் தங்கியிருக்கும் நால்வரும் இல்லை. அவர்கள் இருக்கும் நாட்களிலும் நாங்கள் பெரிதாகப் பார்த்துக்கொள்வதில்லை. ஃபிரிட்ஜில் இருக்கும் பால் பாட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். ஆட்களைவிட அந்தப் பெயர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். போனின் மறுபக்கம், சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில் இருக்கிற எங்கள் வளவில், கூட்டமே கூடியிருந்தது. அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுச் செல்லமுத்து மாமா, மற்ற ஐந்து வீட்டுக்காரர்கள். வருகிறேன் என்று சொன்ன சேலத்து வக்கீல் வரவில்லை. யாரைப் பற்றிப் பேசக் கூடினார்களோ அந்தச் செங்கான், அப்பாவின் பாட்டன், அப்பா பிறப்பதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டவர்.

விஷயம் இதுதான். ஏழு வீடுகள் உள்ள எங்கள் வளவு நிற்கும் இடம் தன் பேரில் கிரயம் ஆகியிருக்கிறது என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கும் ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். லாரிப் பட்டறைகள் பெருகி, ரோட்டோர நிலம் செண்டுக் கணக்கில் விலைபோக ஆரம்பித்த பிறகு வந்த வழக்கு. எங்களிடம் வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் இருந்தன; அதற்கு முந்தைய காகிதம் எதுவும் இல்லை. "வெள்ளைக்காரன் காலத்துல எங்கப்பாருக்குக் குடுத்த எடமுங்க" என்று அப்பா தன் பாட்டனைக் குறித்துச் சொன்னதற்கு, கொடுத்ததற்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அவ்வளவு பழைய கோப்பு இங்கே இருக்காது என்றார்கள் தாலுகா அலுவலகத்தில். வழக்குத் தோற்றால் ஏழு குடும்பமும் சட்டிபானையோடு ரோட்டுக்கு வர வேண்டியதுதான்.

அன்றைக்கே அப்பா எனக்குப் போன் போட்டார். "நீ வெள்ளைக்காரனூர்லதான சாமி இருக்கற? குடுத்தவன் ஒரு நகலு வெச்சிருக்க மாட்டானா? ஒரு எட்டுப் போய்க் கேட்டுப்போடு."

சிரிப்பதா என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்பா சொன்னதில் நியாயமும் இருந்தது. எங்கள் வளவில் காகிதம் என்றால் அது என் வேலை. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே ரேஷன் கார்டில் என்ன போட்டிருக்கிறது, மாத்திரை அட்டையில் எந்த மாதம் அச்சடித்திருக்கிறது என்று கேட்டு ஆள் வருவார்கள். விளையாடிக்கொண்டிருப்பவனைக் கூப்பிட்டு, கையைக் கழுவச் சொல்லி, காகிதத்தை நீட்டுவார்கள். பிறகு திருச்செங்கோட்டில் பொறியியல், கடனில் இங்கே மேற்படிப்பு, படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. நான் விமானம் ஏறிய பிறகும் காகிதங்கள் நிற்கவில்லை, படமாக வாட்ஸப்பில் வருகின்றன. பாதியில் அப்பாவின் விரல் மறைத்திருக்கும்.

விடுப்பு எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் பஸ் ஏறினேன். பழைய இந்திய ஆவணங்கள் வைத்திருக்கும் ஒரு வாசிப்பறை. முகப்பில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி மிகவும் அன்பாகத்தான் கேட்டார், எதைப் பற்றி ஆராய்ச்சி என்று. ஆராய்ச்சி இல்லை, எங்கள் வீட்டைப் பற்றிய காகிதம் வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு அருமை! எந்த நூற்றாண்டில் கட்டியது?" அவர் மனதில் தூண்களும் தோட்டமுமாக ஏதோ ஒரு மாளிகை எழும்பிவிட்டது. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பா கட்டியது, மேலே சிமென்ட் ஷீட் என்று சொன்னேன். அவர் குரலைத் தணித்து, மாவட்ட அளவிலான நிலக் கோப்புகள் கப்பலேறவே இல்லை, எல்லாம் மெட்ராஸிலேயே தங்கிவிட்டன, அந்தப் பட்டியலை இப்போது இணையத்திலேயே தேடலாம் என்று சொல்லி, முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாமே" என்றார். ஊரைவிட்டு வந்ததை அல்ல, லீட்ஸிலிருந்து லண்டன் வந்ததைச் சொன்னார் என்பது திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு அந்த இணையப் பட்டியலின் தேடுபெட்டிதான் என் ஊரானது. பட்டியல் என்றால் கோப்பு தெரியாது. கோப்பின் தலைப்பு மட்டும், ஆங்கிலத்தில் ஒரே வரியாக வரும். துறை, மாவட்டம், வட்டம், யார், என்ன கேட்டார்கள், என்ன முடிவு. சேலம் என்று அடித்தால் பக்கம் பக்கமாகக் கொட்டும். பரமத்தி வேலூர் வெற்றிலைக்காரர்கள் வாய்க்கால் தண்ணீர் கேட்கிறார்கள். சங்ககிரி மலையடிவாரத்தில் மாடு மேய்க்க ஒருவர் அனுமதி கேட்கிறார், இல்லை என்று பதில். ராசிபுரத்து நெசவாளர்கள் நூல் விலைக்காக அழுகிறார்கள். கிணறு தூர்ந்துவிட்டது என்கிறாள் ஒரு விதவை. அவளுக்கு என்ன ஆனது என்பது தலைப்பில் இல்லை. எனக்கு வேண்டியது இவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முன்சீட்டுக்காரர்களின் வழக்கைக் கேட்டுக்கொண்டு போவது போல இருந்தது. யாரும் என்னிடம் பேசவில்லை, இருந்தாலும் எல்லாம் எனக்குப் புரிந்தது. இங்கே எல்லோரும் என்னிடம் பேசுகிறார்கள். பஸ் ஓட்டுநர்கூட "லவ்" என்று கூப்பிட்டுத்தான் டிக்கெட் கொடுக்கிறார். எனக்குத்தான் ஒன்றும் உள்ளே இறங்குவதில்லை.

கிடங்கில் ஒருநாள் மேற்பார்வையாளர் கடந்து போகும்போது "யூ ஆல்ரைட்?" என்றார். அது வணக்கம் மாதிரி, பதில் வேண்டாத கேள்வி என்று எனக்கு அதற்குள் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு மனசு தாங்கவில்லை, இல்லை என்று ஆரம்பித்து, வழக்கு, ஏழு வீடு, வக்கீல் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கையில் ஒரு பெட்டியைத் தூக்கியபடியே நின்றார். கீழே வைத்தால் அதிகம் கேட்க வேண்டிவரும் என்று பயந்தாரோ என்னவோ. கடைசியில் "ரைட்" என்றார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த நாளிலிருந்து "மார்னிங்" மட்டும்தான்.

நான் தேடிய அந்த ஒற்றை வரி கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில். நிலம், சேலம் மாவட்டம், திருச்செங்கோடு வட்டம், எங்கள் ஊர்ப் பெயர், குடிசை போட்டிருக்கும் இடத்தை ஒதுக்கித் தரக் கோரி செங்கானும் மற்ற ஆறு பேரும் கொடுத்த மனு, உத்தரவு. திரையில் என் பூட்டனின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுற்றிலும் ஆட்கள் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். இதைப் பார் என்று காட்ட அருகில் ஒருவரும் இல்லை.

மறுநாள்தான் அந்தச் சனிக்கிழமை. வரியைத் தமிழில் படித்துச் சொன்னேன். அம்மா அழுதுவிட்டாள். செல்லமுத்து மாமா மட்டும் போனுக்குள் முகத்தை நுழைத்தார். லாரிக்கு லோடு ஏற்றுகிறவர், வாய் சும்மா இருக்காது.

"மாப்ள, எங்க பாட்டன் பேரு என்னன்னு போட்டுருக்குது?"

"பேரு போடலைங் மாமா. மத்த ஆறு பேருன்னுதான் இருக்குது."

"அட! உங்காளுக்கு மட்டும் பேரு, எங்காளுகளெல்லாம் மத்தவிங்களா? அந்தக் காலத்துலயே உங்கூட்டு ஆளு முன்னால போயி நின்னுருக்கறாரு பாரு. இப்ப உங்கொப்பனும் போட்டோ எடுத்தா நடுவுலதான் நிக்கறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் அது அவருக்குள் ஒரு முள்ளாகத் தங்கிவிட்டது. "கோப்புல எல்லார்த்து பேரும் இருக்கும்டா, எங்க போவுது?" என்று அவர் யாருக்கோ சமாதானம் சொல்வது கேட்டது.

கோப்பு இருக்கும் சென்னை ஆவணக் காப்பகத்துக்கு அவர்தான் போக வேண்டும். எனக்குப் படிக்கத் தெரியும், போக முடியாது. அங்கே இருப்பவர்களால் போக முடியும், ஆனால் படிக்கத் தெரியாது. கோப்பு எண்ணை நான் எழுதி அனுப்ப, அதை ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் அச்செடுத்து, வக்கீலின் கடிதத்தோடு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, அப்பாவும் மாமாவும் சங்ககிரியில் ரயிலேறினார்கள். திட்டம் எளிது. அப்பா கோப்பை வாங்கியதும் எனக்கு வீடியோ போடுவார், நான் பார்த்து எந்தப் பக்கம் என்று சொல்வேன். அப்போதுகூட கோப்பு என்றால் இரண்டு மூன்று தாள் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரே வரியில் பார்த்த ஒன்று புத்தகக் கனத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சொன்ன நேரத்துக்கு வீடியோ வராமல் நானே அழைத்தபோது, போனை எடுத்தது மாமா.

"அப்பா எங்கீங் மாமா?"

"உள்ள போயிட்டாரு மாப்ள. போனு கொண்டாரக் கூடாதுன்னு வாசல்லயே வாங்கி என்ற கையில குடுத்துட்டாங்க. என்னையும் உடல."

"அப்ப யாரு படிக்கறது?"

"அதத்தான் நானும் கேட்டேன். ஒருத்தரு இங்கிலீசுல பதில் சொன்னாரு. நான் சேரி சேரின்னுட்டேன்."

நான் இங்கே கட்டிலில், அவர் அங்கே வேப்பமரத்தடியில், போனை வைக்காமல் அப்படியே இருந்தோம். அவர் டீ குடிக்கும் சத்தம் கேட்டது, பஸ் ஹார்ன் கேட்டது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த நீளமான துணை அதுதான்.

அப்பா வெளியே வந்தபோது முகம் பூரித்திருந்தது. சான்றிட்ட நகலுக்குப் பணம் கட்டி, ஒரு தாளை வாங்கி வந்திருந்தார். போன் முன்னால் அதை விரித்துப் பிடித்தார். ஏழு கைநாட்டுகள், கீழே கீழே, மைத் திட்டாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுத்தர் ஒருவர் எழுதிய பெயர்.

"தலகாணியாட்டம் கட்டு சாமி. எனக்கென்ன தெரியும், ஒவ்வொண்ணாப் பொரட்டுனேன். எந்தப் பக்கமுங்க வேணும்னு அங்கிருந்த ஆபீசரம்மா கேட்டுது. எல்லார்த்து கையும் இருக்கற பக்கத்தக் குடுங்கன்னேன். எல்லார்த்து கையும் இருந்தாத்தான அது செல்லும்?"

வளவில் அப்படித்தான். கோயில் வரியோ, கிணற்றுக்கு மோட்டாரோ, ஏழு வீட்டுக் கையும் விழாத காகிதத்தை யாரும் மதிப்பதில்லை. மாமா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். நான் பெயர்களை வரிசையாகப் படித்து, எது அவர் பாட்டன் என்று கேட்டேன். நான்காவது. அவர் அந்த மைத்திட்டின் மேல் தன் கட்டைவிரலை வைத்தார், உடனே அழுக்காகிவிடும் என்று எடுத்துக்கொண்டார்.

எனக்குப் படித்ததும் தெரிந்துவிட்டது. அது மனுவின் கடைசிப் பக்கம். அதை நான் அந்த நிமிடம் சொல்லவில்லை. அவர்கள் சரவணபவன் மாதிரி எங்காவது போய் நல்ல சோறு தின்னட்டும் என்று விட்டுவிட்டேன். வக்கீல் சொன்னார், "கேட்டாங்கன்றதுக்கு இது சாட்சி. குடுத்தாங்கன்றதுக்கு உத்தரவுப் பக்கம் வேணும்." மறுபடி விண்ணப்பித்தபோது, தாள்கள் உதிர்வதால் அந்தக் கட்டு செப்பனிடப் போயிருக்கிறது, திரும்ப வர மாதக்கணக்கில் ஆகலாம் என்று பதில் வந்தது. ஒரு வாய்தா வாங்கிக் கொடுத்தார் வக்கீல். அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பே சமரசம் பேசியது. கைநாட்டுத் தாளைப் பார்த்து அவர்களும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். ரோட்டோர முன்பகுதி வழக்குப் போட்டவருக்கு. வீடுகள் நிற்கும் இடத்தை ஏழு குடும்பமும் விலை கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம். உத்தரவுப் பக்கம் வரும்வரை பொறுக்கலாம் என்று நான் போனில் மன்றாடினேன். "வராமயே போனா?" என்று கேட்டாள் அம்மா. அவர்கள் தூங்கி நாளாகிவிட்டது. எனக்கு அங்கே கையும் இல்லை, கால் வைக்க இடமும் இல்லை, சரி என்றேன்.

அப்பா இன்னொரு பக்கத்தை எடுத்திருக்கலாம் என்று வளவில் ஒருவரும் இதுவரை சொல்லவில்லை. அந்தத் தாளை ஏழு நகல் எடுத்து, லேமினேட் செய்து, வீட்டுக்கு ஒன்றாக மாட்டியிருக்கிறார்கள். சென்ற வாரம் மாமா ஒரு படம் அனுப்பினார். முன்பகுதிக்கும் வளவுக்கும் நடுவே புதிதாக எழுப்பிய காம்பவுண்டுச் சுவர், பூசாத ஹாலோ பிளாக், அதற்கு மேலே வெறும் வானம். வளவின் உள்ளே நின்று எடுத்ததா, வெளியே ரோட்டில் நின்று எடுத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். பிறந்து வளர்ந்த இடத்தில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

எங்கள் இடத்துக்கே நாங்கள் கொடுத்த விலை, வீட்டுக்கு ஒன்றரை லட்சம். ஏழு வீட்டுக்கும் சேர்த்து, பத்து லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய்.