ஒரே சப்பாத்தோடு இரண்டு பன்றிப் பண்ணை

ஈஸ்டருக்குப் பன்றி வாங்கப் பண்ணைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள்; கோபம் மட்டும் முழுக்க என்னுடையது.

2015இல், தவக்காலம் முடிய ஒரு கிழமை இருக்கப் போனோம். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு பன்றி. கடையில் பொதிசெய்த இறைச்சி நம்மவர்களுக்குச் சரிவராது. உயிரோடு நிற்பதைப் பார்த்து, முதுகைத் தட்டி, பிறகுதான் விலை பேச வேண்டும். இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் திட்ட வேண்டும்.

காலை ஆறு மணிக்கு, பரீஸில் நம்மவர்களின் கடைத்தெருவான ரூ காய் மூலையில் வான் ஏறினோம். ஓட்டியவன் ஜோர்ஜ், மன்னார்ப் பெடியன், மளிகைக் கடைகளுக்குச் சாமான் ஏற்றுகிறவன். பிரெஞ்சு எழுத வாசிக்க நன்றாக வரும். அமியான் பக்கம் நூற்றைம்பது கிலோமீற்றர், கோப்பிக்கு நின்றும் இரண்டு மணித்தியாலம். நெடுஞ்சாலைச் சுங்கம் பத்து யூரோவுக்குக் கொஞ்சம் மேல்.

முதல் பண்ணையின் படலையில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது.

"என்னடா எழுதிக் கிடக்கு?"

"நாய் இருக்காம் அண்ணை. வாங்கோ, பின்பக்கத்தாலை போவம்."

அவனுக்குத் தெரிந்த வேலையாள் ஒருவன் கொட்டிலுக்குள் விட்டான். தரையெல்லாம் தண்ணீராய்க் கழிந்திருந்தது. பன்றிகள் தீனைத் திரும்பியும் பார்க்காமல் படுத்துக் கிடந்தன.

"தம்பி, இது வயித்தோட்டமெல்லோ?"

"தீன் மாத்தியிருப்பாங்கள். நீங்கள் என்ன, மிருக டொக்டரோ?"

விலை படியவில்லை. பன்னிரண்டு கிலோமீற்றரில் இன்னொரு பண்ணை, அங்கே மலிவு என்றான். சப்பாத்தில் ஒட்டியதைப் புல்லில் தேய்த்துவிட்டு வானில் ஏறினோம்.

அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையை உயர்த்திக்கொண்டு படலைக்கு ஓடி வந்தார். இன்றைக்கு வேறு பண்ணைக்குப் போனீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

"இல்லை மடாம், நேரே பரீஸிலிருந்து வாறம்" என்றான் ஜோர்ஜ், கண் இமைக்காமல்.

ஏன் கேட்கிறேன் என்று அவரே விளக்கினார். இருபது வருடம் ரெஸ்ரோறன்ற் குசினியில் நின்றவன் நான். பேச்சு எனக்கு விளங்கும். பன்றிகளுக்கு வயிற்றோட்டம் கொடுக்கிற ஒரு வைரஸ் இந்தப் பக்கம் பரவுகிறதாம். அது அவருடைய அப்பா காலத்திலேயே ஐரோப்பாவில் இருந்து, பிறகு அடங்கிப்போனதாம். சீனாவில் உருமாறி மூர்க்கமாக எழும்பி, அமெரிக்காவுக்கும் போனதாம். இப்போது இங்கே வந்திருப்பது கொஞ்சம் சாதுவான வகை என்கிறார்களாம். நாளைக்கு எப்படி மாறும் என்று எவருக்கும் தெரியாதாம். லொறிச் சில்லிலும் சப்பாத்திலும் ஒட்டிய சாணம் போதும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது, பெரிய பன்றியும் அநேகமாகத் தப்பும். பிறந்த குட்டிதான் குடித்த பாலெல்லாம் கழிந்து, உடம்பு வற்றிச் செத்துப்போகும்.

"இந்தக் கிழமை பிறந்த அறுபது குட்டி உள்ளே கிடக்கிறது" என்று சொல்லிக்கொண்டே, ஜோர்ஜை நம்பிப் படலைக் கொழுக்கியைக் கழற்றினார்.

அவன் உள்ளே வைக்கக் காலைத் தூக்கினான். நான் அவன் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தேன்.

"மடாம், நோ! வேறை பண்ணை போனது. அங்கை வருத்தம், நோய்!" எனக்கு வந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

அந்தப் பண்ணை எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய முகம் வெளுத்தது. "வாசலிலேயே பலகை போட்டிருக்கிறார்களே! நோய்ச் சந்தேகம், உள்ளே வராதே என்று!"

நாயாம். வாசிக்கத் தெரியாதவனிடம் எதையும் சொல்லலாம் என்று நினைத்துவிட்டான்.

நன்றி ஒன்றும் சொல்லவில்லை அந்தப் பெண். ஏறிப் போங்கள் என்று கத்திவிட்டு, நாங்கள் நின்ற இடமெல்லாம் மருந்துத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். வானுக்குள் ஜோர்ஜ் ஆத்திரத்தில் குதித்தான்.

"வெறும் கையோடை திரும்பிறம்! அவளின்ரை குட்டி செத்தா உங்களுக்கென்ன அண்ணை?"

"வாயை மூடிக்கொண்டு ஓடடா."

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பண்ணைதான். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். கழுவிய சப்பாத்தோடு போய், படலைக்கு வெளியே நின்று பேசுங்கள். பலகையில் ஏதும் எழுதியிருந்தால் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் கேளுங்கள். முதுகைத் தட்டாமல் வாங்கிய பன்றியும் அதே ருசிதான்.

நித்திரை வரவில்லை. ஒரு கிழமை கழித்து அந்தப் பெண்ணின் பண்ணைக்கு மகளை போன் எடுக்கச் சொன்னேன். குட்டிகள் பால் குடிக்கின்றன என்றாராம். அப்பா வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"வேண்டாம். அவர் வராமல் இருந்தால் போதும்."