கிராணி உட்கார்ந்த மேசை

சுங்கைப் பட்டாணியில் நூர்தீன் பாய் கடை ரொட்டிக்குப் பேர்போனது. ஆனால் அதைச் சுட்ட நூர்தீன், ஜப்பான் சண்டை முடிந்த பிறகு தன் கையால் சுட்டதில் ஒரு துண்டைக்கூட வாயில் வைத்ததில்லை. "மாவுல என்ன கெடக்குன்னு அவருக்குத் தெரியும்லா, அதான் தொடமாட்டேங்கறாரு" என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி பேசுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார். அது சிரிக்கிற சமாச்சாரமே இல்லை.

நாகூர்ப் பக்கத்திலிருந்து தாய்மாமனோடு மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர் அவர். கூலிமில் ஒரு சீனர் கடையில் வருஷக்கணக்காக மாவு பிசைந்து தொழில் கற்றார். பிறகு சுங்கைப் பட்டாணியில் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டு, அதன் பின்கட்டில் செங்கல்லும் களிமண்ணும் குழைத்து ஆள் குனிந்து நுழையலாம் போன்ற பெரிய ரொட்டி அடுப்பைத் தானே கட்டினார். பால்மரத்து விறகை உள்ளே எரித்து, தணலை ஓரம் தள்ளிவிட்டு ரொட்டியை அடுக்குவார். வாசனை கடைத்தெரு முனை வரைக்கும் போகும்.

விறகு கொண்டுவருகிறவன் பிச்சை. ஊரை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் பட்டுப்போன பால்மரங்களை வெட்டுகிறவன். விறகை இறக்கிப் போட்டுவிட்டு அடுப்பு முன்னால் குந்துவான். முதல் ரொட்டி அவனுக்குத்தான். பாதியைத் தின்பான், பாதியை வேட்டி மடிப்பில் சொருகிக்கொள்வான். "எவளுக்குடா அது?" என்று நூர்தீன் வம்பிழுப்பார். "இராசாத்திக்குத்தான் பாய், வேற எவ இருக்கா?" என்பான். இராசாத்தி அவன் மனைவி. வாரம் தவறாமல் இதே கேள்வி, இதே பதில். இரண்டு பேருக்கும் அலுத்ததே இல்லை.

கடைக்குள் ஒரு சலவைக்கல் மேசை கிடந்தது. அது தோட்டத்துக் கிராணி தர்மலிங்கத்துக்கு. கணக்கு எழுதுகிற உத்தியோகம், கால்சட்டை, தலையில் தொப்பி. தோட்டத்து ஆட்கள் பின்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்து தின்பார்கள். கிராணியின் கோப்பை தனி ஆணியில் தொங்கும். ஒருமுறை தெரியாத்தனமாக அதில் பால்மரம் சீவுகிற கூலிக்காரன் ஒருவன் தேத்தண்ணி குடித்துவிட்டான் என்று கோப்பையைத் தெருவில் விட்டெறிந்தார். கூலிக்காரனோடு ஒரு மேசையில் கை நனைப்பதைவிட அந்த மனுஷன் பட்டினி கிடப்பார். இது ஊருக்கே தெரியும்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனான், கோதுமை மாவும் அவனோடு போயிற்று. மரவள்ளிக்கிழங்கு மாவில் நூர்தீன் ரொட்டி என்ற பெயரில் எதையோ சுட்டார். பல் உள்ளவன் தின்றான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று சேதி வந்ததே, அதைப் பொறுக்க முடியவில்லை. முதலில் நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி ஏற்றினார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிறகு ஆசை காட்டுவதையும் விட்டுவிட்டு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி அள்ளினார்கள்.

பிச்சையும் இன்னும் சில ஆண்களும் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த காட்டுக்குள் போய்விட்டார்கள். எந்த இடம் என்பது வெளியாட்களில் நூர்தீனுக்கு மட்டும் தெரியும். காட்டோரத்தில் விறகுக் கட்டு காத்திருக்கும். எடுக்கப் போகிற நூர்தீன் கிழங்கு ரொட்டியை அங்கே வைத்துவிட்டு வருவார்.

"பாய், ஒங்க வார்த்தைய நம்பித்தான் அவர அங்க விட்டுருக்கேன்" என்றாள் இராசாத்தி. "நீங்க வரச்சொன்னா வருவாரு. வேற யாரு கூப்பிட்டாலும் வரமாட்டாரு."

"நான் பாத்துக்கறேன் தங்கச்சி" என்றார் நூர்தீன்.

ஒருநாள் கிராணி மாட்டு வண்டியோடு கடைவாசலில் வந்து இறங்கினார். வண்டியில் கோதுமை மாவு, நிஜமான கோதுமை மாவு மூட்டை. பின்னால் கட்டியிருந்த ஆடு கத்தியது.

"சயாமுக்கு ஆள் எடுக்கறது நின்னுபோச்சு நூர்தீன். தோட்டத்துல கெழங்கு நட ஆள் இல்ல. ஒளிஞ்சிருக்கறவன்லாம் தைரியமா வரலாம். ஜப்பான் அதிகாரியே விருந்து வெக்கச் சொல்லிட்டாரு."

நூர்தீன் மூட்டையையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் என் கடையில வெக்கணும் ஐயா?"

"ஒன் அடுப்பு ரொட்டின்னா வருவானுங்க. இப்ப பெரியவன் சின்னவன் எல்லாம் கெடையாதுலா. நாமெல்லாம் ஒண்ணு."

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் மேடை போட்டுப் பேசினார்கள். நூர்தீன் ஏமாளியில்லை, பேச்சுக்கு மயங்குகிறவரும் இல்லை. கிராணியை ஒரு சோதனை வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். எந்தச் சோதனை இந்த மனுஷனுக்கு உயிர் போகிற வேதனையோ, அதையே வைத்தார்.

"அப்படின்னா நீங்களும் அவங்களோட ஒரே மேசையில ஒக்காந்து சாப்பிடுவீங்களா?"

கிராணியின் முகம் கறுத்தது. தொப்பியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "சாப்பிடறேன்" என்றார்.

அவ்வளவுதான், நூர்தீன் நம்பிவிட்டார். கௌரவத்தை உயிராக நினைக்கிறவன் ஒரு பொய்க்காக அதை இறக்கிவைப்பானா? தோட்டத்துக்காரன் எவனைக் கேட்டாலும் மாட்டான் என்றுதான் சொல்லியிருப்பான். பாவம், நூர்தீனும் அந்தத் தோட்டத்துக்காரர்களைப் போலத்தான் யோசித்தார். தானே காட்டுக்குப் போய்ப் பிச்சையிடம் விஷயத்தைச் சொன்னார். "கிராணி ஒங்களோட ஒக்காந்து திங்கறேன்னுட்டாருடா!" என்றபோது பிச்சை வாய்விட்டுச் சிரித்தான். எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு.

மறுநாள் அடுப்பில் கோதுமை ரொட்டி உப்பி எழுந்த வாசனைக்குக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. உச்சி வெயிலில் காட்டிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். தாடி, எலும்பு, சிரங்கு. சலவைக்கல் மேசையோடு பின்கட்டுப் பலகைகளையும் சேர்த்து ஒரே பந்தியாகப் போட்டிருந்தார் நூர்தீன். கிராணி வந்து பிச்சைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சால்னாவில் ரொட்டியைத் தோய்த்து, அவன் தட்டிலேயே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஒருவன் தேம்பி அழுதுவிட்டான். அடுப்படியில் நின்ற நூர்தீனுக்கும் கண் நிறைந்தது. தன் ஆயுளில் போட்ட பந்திகளிலேயே இதுதான் பந்தி என்று நினைத்தார்.

முன்வாசலில் லாரி வந்து நின்றது. பின்வாசலிலும் துப்பாக்கிக்காரர்கள்.

யாரும் ஓடவில்லை, ஓட இடமில்லை. வாயில் பாதி ரொட்டியோடு இழுத்துப் போனார்கள். குறுக்கே விழுந்த நூர்தீனுக்குத் தோளில் துப்பாக்கிக் கட்டையால் ஓர் அடி. லாரியில் ஏற்றும்போது பிச்சை மடியிலிருந்து பாதி ரொட்டியை எடுத்து நீட்டினான்.

"பாய், இத இராசாத்திகிட்ட குடுத்துடுங்க."

திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். அப்போதும் அவரைத்தான் நம்பினான் அந்தப் பைத்தியக்காரன்.

லாரி போன பிறகும் கிராணி மேசையில்தான் இருந்தார். நூர்தீன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "ஒரே தட்டுல தின்னீங்களேய்யா! எப்படி மனசு வந்துச்சு?"

"இத்தன பேர் வேணும்னு ஜப்பான்காரன் கேட்டான். குடுக்கலன்னா நான் லாரி ஏறணும்." கிராணி அவர் கையை விலக்கிவிட்டு எழுந்தார். "நீதானே ஒக்காரச் சொன்ன? ஒக்காந்தேன்லா." சோப்புக் கேட்டு வாங்கி, இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனார்.

கோதுமை ரொட்டி ஒரு விள்ளலுக்காக மனிதர்கள் அடித்துக்கொண்ட காலம் அது. அந்தப் பாதி ரொட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு நூர்தீன் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துக்கு நடந்தார். சேதி அவருக்கு முந்திப் போய்ச் சேர்ந்திருந்தது. இராசாத்தி வாசலில் நின்றாள். அழுது முடித்திருந்தாள்.

"அவர வரச்சொன்னது நீங்களா பாய்?"

"நான்தான் தங்கச்சி. கிராணி எறங்கி வந்து ஒக்காரவும் நம்பிட்டேன். என்னையும் ஏமாத்திட்டான் பாவி." துண்டைப் பிரித்து நீட்டினார். "ஒனக்குன்னு எடுத்து வெச்சான்."

அவள் ரொட்டியைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"நாங்க கிராணிய நம்பலியே பாய்" என்றாள். "ஒங்களத்தானே நம்புனோம்."

கதவைச் சாத்திக்கொண்டாள். ரொட்டி அவர் கையிலேயே இருந்தது.