காவ்யாவின் காலிப்பரில் மூன்று ஓட்டைகள்

கருவாட்டு வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு பிரவுன் ஷீட்தான் ஞாபகத்துக்கு வரும்...

பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாக நான் சேர்ந்த புதிது. ஊன்றாத காலைக் கம்பியும் பட்டையும் வைத்துத் தாங்கும் காலிப்பருக்கு அளவெடுக்கும் முகாம். பிரவுன் ஷீட்டில் காலை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட வேண்டும்.

கட்டுமாவடியில் கருவாடு விற்கும் ராக்கம்மா அக்கா, மகள் காவ்யாவை இடுப்பிலிருந்து இறக்கி உட்கார வைத்தார். நாலாம் வகுப்பு. இரண்டு கால்களும் ஊன்றாது. பென்சில் பட்டதும் "கூசுது டீச்சர்" என்று நெளிந்தாள். அங்கே எங்கள் எல்லோருக்கும் ஒரே பெயர், டீச்சர்!

"ரெண்டு இஞ்சு கூடப் போட்டு எழுதுங்க டீச்சர்" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது என்ன யூனிபார்மாக்கா? பெருசா இருந்தா புள்ள விழுந்துரும்."

"கவர்மெண்டு சாமான் என்னைக்கு டீச்சர் சொன்ன நேரத்துக்கு வந்துருக்கு? அதுக்குள்ள இவ வளந்துருவா. இப்பவே தூக்க முடியல. ஆறாங்கிளாஸ் ஸ்கூலு தூரம்... நடந்தாத்தான் இவளுக்குப் படிப்பு."

படித்த திமிர் எனக்கு. சரியான அளவைத்தான் எழுதினேன். ஆனாலும் அந்த முகம் மனதை என்னவோ செய்தது. ஃபாரத்தின் அடியில், 'வளரும் குழந்தை, பக்கக் கம்பியை நீட்டிக்க வசதி தேவை' என்று ஒரு வரி சேர்த்தேன். யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

காலிப்பருக்கான பணத்தில் பாதிக்கு மேல் டெல்லி தர வேண்டும், மீதி சென்னை. நான் போன் போட்டால், "மேல இருந்து ரிலீஸ் ஆகலம்மா" என்பார்கள். மாவட்டத்துக்குச் சென்னை மேலே, சென்னைக்கு டெல்லி மேலே...

வாரம் தவறாமல் "வந்துருச்சா டீச்சர்?" என்று கேட்ட அக்கா, ஒரு கட்டத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டார். காவ்யாவின் பாவாடை மடிப்பை இரண்டு முறை பிரித்தாயிற்று. ஒரு குழந்தை வளர்வதைப் பார்த்து நான் பயந்தது அந்த வருடம்தான்.

ஒரு வருடம் தாண்டி, ஆறாம் வகுப்பு திறக்கும் சமயத்தில் பெட்டிகள் வந்தன.

முதலில் மூன்று பையன்கள். மூவருக்கும் காலிப்பர் குட்டையாகிவிட்டது. மறுபடி அளவு, மறுபடி காத்திருப்பு. அந்த அம்மாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்தது காவ்யா. அட்டையைப் பிரித்தேன்.

பக்கக் கம்பிகளில் மூன்று ஓட்டைகள் கூடுதலாக இருந்தன! எங்கோ ஒரு பட்டறையில் ஒருவர் என் வரியைப் படித்திருக்கிறார். திருகைக் கழற்றி, இரண்டு ஓட்டை இறக்கி முடுக்கினேன். அளவு கச்சிதம். வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"அம்மா... நா ஒந்தோளு வரைக்கும் இருக்கேன்!"

அக்கா அவள் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்பாடா என்று நான் பாத்ரூமுக்குப் போய் அழுது தீர்த்தேன்.

இப்போது ஃபாரம் இல்லை, எல்லாம் மொபைல் ஆப்பில்தான். டெல்லியும் சென்னையும் டிவியில் அதே நிதிக்கு மல்லுக்கு நிற்கின்றன. காவ்யா புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள்.

அந்த மூன்று பையன்களின் ஃபாரத்தில் நான் அந்த வரியை எழுதியிருக்கவில்லை. அவர்களுடைய அம்மாக்கள் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

போன வாரம் ஒரு அம்மா தயங்கித் தயங்கி, "டீச்சர், ஒரு ரெண்டு இஞ்சு..." என்று ஆரம்பித்தார்.

"மூணு ஓட்டை கூடப் போடச் சொல்லி எழுதிட்டேங்க" என்றேன்.

இப்போதெல்லாம் கேட்காத அம்மாக்களுக்கும் எழுதிவிடுகிறேன்.